தோல் போர்த்திய கன்று

அந்தக் கன்றுக்குத் தோல் போர்த்தியது தானில்லை என்பது கார்வினுக்கு நன்றாகத் தெரியும்.

கொட்டகையின் கடைசித் தடுப்பில் அது நின்றிருந்தது. செத்த கன்று ஒன்றின் கருந்தோலைச் சட்டை மாதிரி முதுகில் மாட்டி, நான்கு துளைகளில் கால்களை நுழைத்து, வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றால் வயிற்றுக்கடியில் யாரோ இறுக்கி முடிந்திருந்தார்கள். பசு அதன் வாலடியை முகர்ந்து முகர்ந்து நக்கிக்கொண்டிருந்தது. உருகும் பனி தகரக் கூரையிலிருந்து சொட்டும் சத்தம், ஈர வைக்கோலின் புளித்த வாடை, அடுத்த தடுப்பில் ஏதோ ஒரு மாடு நிதானமாக அசைபோடும் ஓசை, இவற்றுக்கெல்லாம் மேலாக அது பால் குடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கன்றுக்கு அவ்வளவு சத்தம் வராது.

தோல் போர்த்துவது அமெரிக்காவின் மொண்டானாவில் எந்த மாட்டுப் பண்ணையிலும் செய்வதுதான். கன்றை இழந்த பசு வேறு கன்றை அண்ட விடாது, எட்டி உதைக்கும். செத்த கன்றின் தோலை உரித்துத் தாயில்லாக் கன்றுக்கு மாட்டிவிட்டால், அந்த வாசனைக்கு மயங்கித் தன் பிள்ளை என்றே நினைத்துக்கொள்ளும். சில நாளில் கயிற்றை வெட்டித் தோலை எடுத்துவிடலாம். கார்வின் வாழ்நாளெல்லாம் செய்த வேலை அது. இந்தப் பசுவின் கன்று நேற்றுப் பிறக்கும்போதே செத்தது உண்மை. ஆனால் இந்த வருடம் அவன் பண்ணையில் தாயில்லாக் கன்று ஒன்றுகூடக் கிடையாது. அதனால் செத்ததை உரிக்காமல் கொட்டகைக்குப் பின்னால் போட்டிருந்தான். போய்ப் பார்த்தான். தோல் இல்லாமல் சிவப்பாகக் கிடந்தது.

அப்படியானால் தோலுக்குள் இருப்பது எது?

நகரத்தில் தங்கை வீட்டிலிருந்த மனைவி எட்னாவைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ஆர்லோ கொண்டாந்து விட்டிருப்பான். கேட்டா நீ வேணாம்பே. அதான் சொல்லாமக்கொள்ளாம செஞ்சிருக்கான்," என்றாள் அவள்.

"யாரு, பக்கத்துப் பண்ணை ஆர்லோவா? அவன் ஒரு துருப்பிடிச்ச ஆணி கூடத் தரமாட்டான்."

எட்னா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. "கயித்த வெட்டிப் பாரேன், கிழவா. என்கிட்ட எதுக்குக் கேக்குறே? சாயங்காலம் நானே வந்துடுவேன்."

"நாளைக்குப் பண்ணைய வாங்குறவங்க வர்றாங்க. பசு ஏத்துக்கிச்சு. அதை ஏன் கலைக்கணும்?"

அதுதான் அவன் செய்த தப்பு. பசு முகர்ந்து ஒப்புக்கொண்டதை மனிதன் சந்தேகப்படக் கூடாது என்பது அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களின் புத்தி. அவனுக்கும் அதே புத்திதான். போதாக்குறைக்கு, இந்தப் பண்ணையை எப்படியாவது தள்ளிவிட்டே ஆகவேண்டும். எட்னாவின் நுரையீரல் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மாட்டைத் தவிரப் புல் விற்கலாம், இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்காரர்களுக்குக் காட்டைக் குத்தகை விடலாம், ஓடையோரக் குடில்களில் விருந்தினர் தங்குவார்கள், மேட்டிலுள்ள காற்றாலைகள் சும்மா சுற்றியே வாடகை தரும் என்றெல்லாம் தரகுக்காரி ட்வைலா அழகாகத்தான் விளம்பரம் கொடுத்தாள். வந்தவர்கள் எல்லோரும் சுற்றிப் பார்த்துவிட்டு, காரணம் சொல்லத் தெரியாமல் காரில் ஏறிப் போனார்கள். நாளை வருவதுதான் கடைசிக் குடும்பம். ஒவ்வொரு பசுவின் மடியிலும் கன்று இருப்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் தீவனம் போடக் கிளம்பும்முன் ஒருமுறை எட்டிப் பார்த்தான். குளிரில் பசுவின் மூச்சு புகையாக வந்தது. கன்றின் மூக்கிலிருந்து எதுவும் வரவில்லை. அது காம்பை விடாமலே கண்ணைத் திருப்பி அவனைப் பார்த்தது. அவன் முகத்தை அல்ல, தோளை, கையை, விரல்களை. தூக்கம் கெட்ட கிழவனுக்கு எல்லாம் பேயாகத்தான் தெரியும் என்று தன்னையே வைதுகொண்டு டிராக்டரைக் கிளப்பினான்.

அவன் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொட்டகையில் சத்தமே இல்லை. அசைபோடும் சத்தமும் இல்லை. மாடுகளெல்லாம் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன. கடைசித் தடுப்பில் கன்றின் தோல் வைக்கோல்மேல் தட்டையாகக் கிடந்தது. கயிறு அறுபடவில்லை. முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்திருந்தார்கள்.

அதற்கு அந்தப் பக்கம் பசு. தோல் இல்லை. வயிற்றுக் கோட்டில் கீறி, கால்களைச் சுற்றி வெட்டி, ஒரு கிழிசல் இல்லாமல் உரித்திருந்தது. அவன் உரிப்பது போலவே.

கதவுக்கு வெளியே ஓடிவந்தான். வேலியோரம் ஒரு பசு தனியாக நின்றது. நின்ற விதம் சரியில்லை. முன்னங்கால்கள் தப்பான பக்கமாக மடிந்தன. வயிற்றுக்கடியில் ஆரஞ்சாக ஏதோ தெரிந்தது. அது அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு சாலையை நோக்கி நடந்தது.

அந்தச் சாலையில்தான் எட்னா வரவேண்டும்.

வீட்டுக்குள் பாய்ந்து தொலைபேசியை எடுத்தான். எட்னா எடுக்கவில்லை. அவள் தங்கை மேவிஸ் எடுத்தாள்.

"அவ கிளம்பி ரொம்ப நேரமாச்சே. இந்நேரம் வாசலுக்கே வந்திருப்பாளே! என்ன கார்வின், ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வண்டியை ஓட்டினான். பண்ணை வாசலில் எட்னாவின் பிக்கப் வண்டி நின்றது. விளக்குகள் எரிந்தன. கதவு திறந்திருந்தது. ரேடியோவில் யாரோ கோதுமை விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சத்தில் ஒரு பசுத்தோல் சாலைக்குக் குறுக்கே விரிந்து கிடந்தது. சற்றுத் தள்ளிப் பள்ளத்தில் வேறெதுவோ கிடந்தது. சிறியது. சிவப்பு. அவன் இரண்டடி வைத்தான். மூன்றாவது அடி வரவில்லை. அது ஒரு மான் என்று சொல்லிக்கொண்டான். மானேதான். எட்னா என்று கத்தினான். மறுபடி மறுபடி, நன்றாக இருட்டும்வரை கத்தினான்.

சகதியில் காலணித் தடங்கள். வீட்டை நோக்கி.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. காபி வாசனை வந்தது. மேசையருகே எட்னா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அவ்வளவு சூடாக எரிந்தும் கழுத்துத் துணியை அவள் அவிழ்க்கவில்லை.

"எங்கே சுத்துறே கிழவா? காபி ஆறுது பாரு."

அவள் குரல்தான். ஒரே மூச்சில் சொன்னாள். இருமல் இல்லை. ஏழெட்டு வருடமாகக் குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்த எந்த நாளிலும் அவள் இருமாமல் பேசியதில்லை.

துப்பாக்கியை உயர்த்தினான். அவள் எழுந்து அவனை நோக்கி வந்தாள். மார்பில் தடவும் புதினாத் தைலத்தின் வாசனை முதலில் வந்தது. பிறகு கூந்தலின் வாசனை. அதற்குக் கீழே, பெயரில்லாத அந்த வாசனை. கல்யாணமான நாளிலிருந்து அவன் தலையணையில் இருந்தது. பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்துத் துணி கொஞ்சம் நழுவியது. பிடரியில் ஆரஞ்சு முடிச்சு ஒன்று இறுகி உட்கார்ந்திருந்தது.

பார்த்தான். தெரிந்தது. எல்லாம் தெரிந்தது.

ஆனாலும் அவன் குனிந்தான். அவள் தோளில் முகத்தைப் புதைத்து முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். அழுகை வந்தது. துப்பாக்கி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்கவே இல்லை.

தொலைபேசி அடித்தது. அவனை அணைத்தபடியே அவள் கையை நீட்டி எடுத்தாள்.

"சொல்லு ட்வைலா. ஆமா, வந்துட்டேன். நல்லா இருக்கேன், இருமலே இல்ல! நாளைக்குத் தாராளமா வரட்டும். நாங்க எங்கேயும் போகல."

மறுமுனையில் ட்வைலா எதற்கோ சந்தோஷமாகச் சிரித்தாள்.

"குழந்தைகளும் வருதா? ரொம்ப நல்லது," என்றாள் எட்னா. "மொத்தம் எத்தனை பேரு?"

கேட்டுக்கொண்டே, இன்னொரு கையை அவன் பிடரியில் வைத்து விரல்களை அகல விரித்து, முதுகின் மேல் சாண் சாணாகக் கீழே இறக்கிக்கொண்டு போனாள்.