மெட்டி ஏறாத விரல்

"மெட்டிய எதுக்குடி கழட்டின?"

கேட்ட வாய் மூடுமுன் அறை விழுந்தது. வரலட்சுமியின் கையிலிருந்த கஞ்சிச் சட்டி சுவரில் மோதிச் சிதறியது. அவள் புருஷன் வேலப்பனின் இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. அடிக்க வலது கையே போதுமாயிருந்தது.

முந்தின நாள் ஹார்பரில் பாரம் தூக்கும் கயிறு அறுந்து, அவன் தோஸ்து அமீரைக் கொன்றது. வேலப்பனின் தோளையும் பிளந்தது. விடிந்ததும் மகனுக்குப் பற்றுப் போட மஞ்சள் டப்பாவைத் திறந்த சொக்கம்மாளின் கையில் மருமகளின் மெட்டி சிக்கியது. புருஷன் உயிரோடிருக்க எவளாவது மெட்டியைக் கழற்றுவாளா? ராயபுரத்தில் அப்படியொருத்தி உண்டா?

"என் புள்ள சாவணும்னு கழட்டிப் போட்டுகீறா. தம்பி பொண்ணாச்சேன்னு கட்டி வச்சேன் பாரு..."

"இல்ல அத்தை. கால்ல ரணம். மெட்டி போட்டா வெரலையே எடுக்கணும்னு ஆஸ்பத்திரில நர்ஸம்மா..."

"கால்ல கட்டு எதுக்குன்னா கண்ணாடி குத்திச்சுன்னு சொன்னியே, அது இன்னா?"

வரலட்சுமி உண்மையைச் சொன்னால் இதுதான் நடக்கும் என்று பயந்தே அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாள்.

"மெட்டிய போட்டு வுடுடா. அலறினா அலறட்டும்."

வேலப்பன் அவளைக் கீழே தள்ளி, முழங்காலால் தொடையை அழுத்தினான். துணிக்கட்டைப் பிய்த்தெறிந்தான். மெட்டியைக் குறட்டில் கவ்வி விரலில் திணித்தான். தோல் கிழிந்தது. ரத்தமும் சீழும் தரையில் வழிந்தன. வரலட்சுமி அலறிக்கொண்டே மற்றக் காலால் உதைத்தாள். அது அவன் தோள் காயத்தில் விழ, அவன் வெறி பிடித்தவனாய் அவள் கூந்தலைப் பற்றித் தலையைத் தரையில் மோதினான்.

சொக்கம்மாளின் கண் அந்தக் காலில் நிலைகுத்தி நின்றது. பெருவிரலின் அடியில் எலும்பு பாக்கு போலப் புடைத்திருந்தது. பெருவிரல் சாய்ந்து அடுத்த விரல்மேல் ஏறிப் படுத்திருந்தது. இடையில் நசுங்கிய மெட்டி சதையை அறுத்திருந்தது. தன் பிறந்த வீட்டுக் கால். தன்னுடைய கால்.

அடுப்படியிலிருந்த விறகுக் கட்டை மகனின் முதுகில் இறங்கியது.

"வுடுடா அவள."

"நீதானேம்மா போட சொன்ன?"

"சொன்னேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்." மறுபடி ஓங்கினாள். வேலப்பன் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டினான். "என் கால பார்ரா. இதே எலும்பு. ரத்தம் ஒழுக ஒழுக, ஒருநாள் கழட்டாம மெட்டி போட்டுகினு இருந்தேன். உங்கப்பன் பொழச்சானா? காலரால போவல? அந்தாளு செத்தப்பதான் கழட்டினாளுங்க. எல்லாரும் அழுதாங்க. நான்... வலி வுட்டுச்சேன்னு மூச்சு வுட்டேன்டா."

கட்டை கைநழுவி விழுந்தது. சொக்கம்மாள் சரிந்து உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் எடுத்துக்கொண்டாள். மெட்டியை உருவி எறிந்துவிட்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவினாள். பஞ்சைச் சுருட்டி இரு விரல்களுக்கும் நடுவே மெல்லச் செருகினாள்.

"எங்கிட்ட சொல்லக் கூடாதாடி, கண்ணு?"

"சொன்னா கேட்டிருப்பியா, அத்தை?"

கிழவி அவளை மார்போடு இறுக்கிக்கொண்டு விம்மினாள். அறை வாங்கியபோது வராத கண்ணீர் வரலட்சுமிக்கு அப்போதுதான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா வண்டி வந்தது. அத்தையின் தோளைப் பிடித்து, குதிகாலை மட்டும் ஊன்றி அவள் ஏறினாள். வேலப்பன் வாசல்வரை வந்தான்.

"ஆஸ்பத்திரிலேருந்து... வூட்டுக்கு வந்துடுவ இல்ல?"

வரலட்சுமி அவன் வலது கையைப் பார்த்தாள்.

"கால் ஆறட்டும். அப்பால யோசிக்கிறேன்."

வண்டியைக் கிளப்பச் சொன்னது சொக்கம்மாள்தான்.