கேமராவுக்குள் கும்மிருட்டு

சுண்டுவுக்கு இருட்டு என்றால் குலை நடுங்கும். வீட்டில் மின்சாரம் போனால் முதலில் அலறுவது அவள்தான். அவளிடம் போய் அத்தை இப்படி ஒரு வேலையைச் சொன்னாள்.

"கேமராவுக்குள்ள முகத்தை விட்டுப் பார்க்கணும் சுண்டு. ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ள இருக்கக் கூடாது."

அது பழைய மரக் கேமரா. சுண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு பெரிதாக இருப்பாளோ, அவ்வளவு பெரிது. அத்தை புதிதாகத் திறந்த ஸ்டுடியோவுக்கு ஆசைப்பட்டு வாங்கியது. ஆனால் ஃபிலிமை வைத்து அதன் முதுகில் செருகும் தட்டையான சட்டம், அதாவது ஹோல்டர், கூட வரவில்லை. அத்தை ஊரெல்லாம் அலைந்து, ஒரு பழைய சாமான் கடையில் மூன்று ஹோல்டர்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் புகுந்து படத்தைக் கெடுத்துவிடும்.

நாளைக் காலையில் தீயணைப்பு நிலையத்து வீரர்களைப் படம் எடுப்பதுதான் அத்தையின் முதல் வேலை. மணி அடித்தால் அவர்கள் வண்டியில் ஏறிப் பறந்துவிடுவார்கள். இன்னொரு தடவை நில்லுங்கள் என்று கேட்கவே முடியாது.

"நீங்களே பாருங்களேன் அத்தை."

"என் தலை பூசணிக்காய். உள்ள நுழையாது. அப்புறம் பின்னாடி டார்ச் அடிக்கிறது யாரு?"

அத்தை முதல் ஹோல்டரைச் செருகி, முன்பக்கத்து லென்ஸைக் கழற்றினாள். அந்த ஓட்டையில் சுண்டுவின் முகம் கச்சிதமாக நுழைந்தது. கழுத்தைச் சுற்றிக் கருப்புத் துணி விழுந்தது. மூக்கு நுனியில் ஏதோ உரசியது. சிலந்தியோ?

"வெளிச்சம் தெரியுதா?"

"தெரியல! தெரியல!" சுண்டு வெளியே பாய்ந்து வந்தாள்.

"அட, முதல்லயே பொருந்திடுச்சே!" அத்தை அந்த ஹோல்டரைப் பையில் வைத்தாள். மற்ற இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுக்கக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள்.

உள்ளே இருந்த நேரம் முழுக்க சுண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் மறுபடி அந்த இருட்டுக்குள் போக வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக்கு அத்தை எல்லார் முன்னாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது.

"அத்தை... நான் கண்ணைத் திறக்கவே இல்ல."

அத்தையின் கை அப்படியே நின்றது. பிறகு சிரித்துவிட்டாள். "பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமாடி?"

"மறுபடி பார்க்கறேன். ஆனா நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா வெளிய வந்துடுவேன்."

அத்தை முதல் ஹோல்டரை மறுபடி செருகினாள். பேச விஷயம் கிடைக்காமல் வாய்ப்பாடு சொன்னாள். உள்ளே சுண்டு கண்ணைத் திறந்தாள். ஒன்றுமே தெரியவில்லை. ஓடிவிடலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கண்ணுக்கு இருட்டு பழகப் பழக, ஓரத்தில் வெள்ளை நூல்போல ஒரு கோடு தெரிந்தது.

"வெளிச்சம் வருது அத்தை! இடது பக்கம்!"

இரண்டாவது ஹோல்டரில் மூலையில் ஒரு புள்ளி மின்னியது. அதுவும் உதவாது.

மூன்றாவதைச் செருகினார்கள். இதுவும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது? சுண்டு இமைக்காமல் மூலை மூலையாகத் தேடினாள்.

"என்னாச்சு சுண்டு? சத்தத்தையே காணோம்? ஏழெட்டு ஐம்பத்து நாலு வரைக்கும் வந்துட்டேன்!"

"ஐம்பத்தாறு அத்தை!" என்று கேமராவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இங்க கும்மிருட்டு! எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"