சுனிதா கேட்ட காலு சாறு

"இன்னாடி வாசனை இது?"

பல் துலக்கப் பின்பக்கம் வந்த உத்தமன், வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் புத்தம்புது அலுமினியக் குண்டான். மூடி ஓரத்தில் மிளகும் பூண்டும் மணக்க மணக்க ஆவி வந்தது.

"மெதுவா பேசுங்க…" என்று சீதாலட்சுமி முந்தானையால் ஆவியை விசிறி விரட்டினாள்.

"ஆட்டுக்கால்தானே? இந்த வூட்லயா? அடியே, ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் மிலிட்டரி ஓட்டல்ல போய் திருடன் மாதிரி தின்னுட்டு வரேன்…"

"இது உங்களுக்கு இல்ல."

"பின்ன யாருக்கு? மேல் வூட்டு நாய்க்கா?"

"யாருக்கோ! பேசாம உள்ள போங்க. ஒரு வார்த்தை வெளிய வந்துது, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

சீதாலட்சுமியும் உத்தமனும் குடியாத்தத்துக்காரர்கள். மகன் ஹரிஷ்குமார் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் நிலைத்த பிறகு தொம்மலூரில் வாடகை வீடு பிடித்து இருவரையும் கூட்டி வந்துவிட்டான். கூட வேலை பார்த்த சுனிதாவை விரும்பிக் கட்டிக்கொண்டான். சுனிதாவின் பிறந்த வீடு மல்லேஸ்வரம். கன்னடக் குடும்பம், கழுத்தில் லிங்கம் கட்டுகிறவர்கள். முட்டை ஓடுகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை.

கறிக்குழம்புக்குப் பேர் போனவள் சீதாலட்சுமி. ஆனால் மருமகள் வலது கால் எடுத்து வைத்த அன்றே கறிச் சட்டிகளை எல்லாம் மூட்டை கட்டி நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாள். தன் வாயையும் கட்டிவிட்டாள். யாரும் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு நம்மள நம்பி வந்துருக்குது" என்பாள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் இன்று ஏன் ஆட்டுக்கால் வேக வைக்கிறாள்?

சுனிதாவுக்கு நாலாவது மாசம். எதைத் தின்றாலும் வாந்தி. கன்னமெல்லாம் ஒட்டிப் போய்விட்டது. சீதாலட்சுமியும் வத்தக்குழம்பு, எலுமிச்சை சாதம், கொத்தமல்லித் துவையல் என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. முந்தாநாள் சாயங்காலம் காபியோடு போனபோது, சுனிதா தன் அம்மாவிடம் போனில் அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா… நங்கே காலு சாறு பேக்கு அன்ஸ்தாயிதே…"

சீதாலட்சுமிக்குக் கன்னடம் வராது. ஆனால் 'நங்கே' என்றால் எனக்கு, 'பேக்கு' என்றால் வேண்டும். காய்கறிக்காரனிடம் பேசிப் பேசி அது தெரியும். நடுவில் இருந்த காலும் சாறும் சுத்தத் தமிழாச்சே! மாமியார் நிற்பதைப் பார்த்ததும் சுனிதா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

"இன்னா கண்ணு கேட்ட அம்மாகிட்ட?"

"ஒண்ணும் இல்ல அத்தே… சும்மா."

சீதாலட்சுமி காபியை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள். அடப் பாவமே! பிறந்ததிலிருந்து கறியே தொடாத பொண்ணுக்கு மசக்கை வந்து ஆட்டுக்கால் மேல் ஆசை பிறந்துவிட்டதே! வெட்கத்தை விட்டுப் பெற்றவளிடம் மட்டும் சொல்லி அழுகிறது… மசக்கைக்காரி ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்களே!

தொம்மலூர் கடையில் வாங்கினால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று ஜோகுபாளையம் வரைக்கும் நடந்து போய், ஆட்டுக்காலை நன்றாக வாட்டிச் சுரண்டி வாங்கி வந்தாள். வீட்டு அடுப்பில் ஏற்றவில்லை. வீட்டுப் பாத்திரத்தைத் தொடவில்லை. பின்பக்கத்தில் தனி ஸ்டவ், தனிக் குண்டான், தனி டம்ளர்.

வடிகட்டிய சாற்றை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தபோது சுனிதா ஹாலில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குடி கண்ணு… மனசுக்குப் புடிச்சதுதான். சூடா இருக்குது, மெல்ல…"

"மெளகு ரசமா அத்தே?"

சுனிதா ஒரு மடக்கு குடித்தாள். அப்போதுதான் உத்தமன் உள்ளே வந்தார். டம்ளரைப் பார்த்தார். பதறிப்போய்க் கத்திவிட்டார்.

"அடியே! ஆட்டுக்கால் சூப்பையா அதுக்குக் குடுக்கற!"

டம்ளர் கீழே விழுந்தது. சுனிதா வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். ஷேவிங் நுரையோடு ஓடிவந்தான் ஹரிஷ்.

"அம்மா! உனக்கு இன்னா பைத்தியமா? தெரியாம பண்ணியா, தெரிஞ்சே பண்ணியா? அத மட்டும் சொல்லு!"

சீதாலட்சுமி வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து சுனிதாவின் தேம்பல் கேட்டது. 'ஐயோ, புருஷன் முன்னாடி மாட்டிக்கிட்டோம்னு பயந்து அழுவுது' என்று நினைத்தாள். இவள்தான் கேட்டாள் என்று இப்போது சொன்னால்? பிறந்த வீட்டுக்குத் தெரியும். லிங்கம் கட்டிய அப்பா அவள் முகத்தில் முழிப்பாரா?

"தெரிஞ்சேதான் பண்ணேன்" என்றாள்.

"ஏம்மா?"

"பண்ணிட்டேன்… விடு."

"ஒரு வருஷமா நல்லவ மாதிரி நடிச்சியா? அவளையும் நம்ம மாதிரி மாத்திடலாம்னு பாத்தியா? சீ!"

பெற்ற பிள்ளை 'சீ' என்றான். சீதாலட்சுமி குனிந்து, கொட்டியதைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மத்தியானத்துக்குள் சுனிதாவின் அப்பா கோவிந்தப்பாவும் அம்மா யசோதாவும் வந்துவிட்டார்கள். கோவிந்தப்பா பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"பாருங்கம்மா, பொண்ணு குடுக்கறப்ப நான் ஜாதி கேக்கல, பாஷெ கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். என் மகள் தட்டுல அது மட்டும் வரபாரது, வரக்கூடாதுன்னேன். நீங்க தலெ ஆட்டினீங்க. ஆட்டினீங்களா இல்லவா?"

"ஆட்டினேன்ணா."

"அப்ப இதுக்கு என்ன அர்த்தம்?"

"தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? நீங்க இருக்கற மனேல என் மகள் ஒரு சொட்டு தண்ணி குடிக்க மாட்டா!"

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது சுனிதா வாசலில் நின்று திரும்பினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அத்தே… ஏன்னு மட்டும் சொல்லுங்க. நான் போகல. ஒரு காரணம் சொல்லுங்க, போதும்."

'கெட்டிக்காரி! அப்பா முன்னாடி எப்படிச் சமாளிக்குது பாரு' என்று எண்ணிக்கொண்டாள் சீதாலட்சுமி. "போய்ட்டு வா கண்ணு. உடம்பப் பாத்துக்கோ…" என்றாள்.

வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஹரிஷ் வேலை முடிந்து நேராக மல்லேஸ்வரம் போய்விட்டு எப்போதோ வருவான். அம்மா போட்ட தட்டில் சாப்பிட மாட்டான். கடைசியில் ஒருநாள், முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"மாமா முடிவா சொல்லிட்டாரும்மா. நீ இங்க இருக்கற வரைக்கும் அவள அனுப்ப மாட்டாராம்."

"அவ்ளோதானே?" என்றாள் சீதாலட்சுமி. "நாங்க குடியாத்தம் போயிடறோம். நானே மல்லேஸ்வரம் போய் சொல்லிட்டு, மன்னிப்பு கேட்டுட்டு கெளம்பறேன். புள்ளைய எட்ட இருந்து பாத்துக்கறேன்… அதுக்கு இன்னா!"

அடுக்களைக்குப் போய்த்தான் அழுதாள்.

மறுநாளே உத்தமனும் அவளும் மல்லேஸ்வரத்துக்கு பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் உத்தமன் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "முப்பது வருஷம் உன்கூட குடும்பம் நடத்தினேன். நீ காரணம் இல்லாம ஒரு கறிவேப்பிலைய கூட கிள்ள மாட்ட. எங்கிட்டகூட சொல்ல மாட்டியா?"

"சொன்னா நீங்க ஊதிடுவீங்க. அன்னிக்கு ஊதின மாதிரி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது சாப்பாட்டு நேரம். கோவிந்தப்பா சாப்பிட்டு முடித்து ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் அசைத்தார். சீதாலட்சுமி நின்றபடியே கை கூப்பினாள்.

"அண்ணா, நாங்க ஊருக்குப் போயிடறோம். இனிமே வர மாட்டோம். புள்ளைய அவ வூட்டுக்கு அனுப்பி வெச்சுடுங்க."

அறை வாசலில் நின்ற சுனிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சீதாலட்சுமி திரும்பி நடந்தாள்.

"நில்லுங்க" என்றாள் யசோதா. குரலில் கோபம் இருந்தது. "என்ன வருத்தம் இருந்தாலும் இருக்கட்டும். ஊட்டா டைம்ல வந்தவங்கள நாங்க அப்படியே அனுப்ப மாட்டோம். ஒக்காருங்க."

ஹாலிலேயே தட்டு வைத்தாள். ராகிக் களி உருண்டை வைத்தாள். ஆவி பறக்கும் பாத்திரத்தைக் கொண்டு வந்தாள்.

"இவளுக்கு இப்ப இது ஒண்ணுதான் உள்ள போகுது. காளு சாரு, காளு சாருன்னு போன்லயே அழுதா. வந்த நாளா இதேதான் செய்றேன். உங்களுக்கும் போடவா?"

சீதாலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று யசோதாவின் கையைப் பிடித்து இழுத்துக் காதில் கிசுகிசுத்தாள்.

"சம்பந்தி! மெதுவா… உங்க வூட்டுக்காரர் காதுல உழுந்துடப் போவுது!"

"விழட்டுமே. ஏன்? அவரே ரெண்டு தடவை போட்டு சாப்பிட்டுட்டுத்தான் ஒக்காந்திருக்காரு."

"அவருமா!"

"மனேல எல்லாரும்தான் சாப்பிடுவோம்."

சீதாலட்சுமி திருதிருவென்று விழித்தாள். "அப்ப… எலும்ப எங்க போடுவீங்க?"

"எலும்பா?" யசோதாவின் கையில் கரண்டி நின்றது. "என்ன எலும்பு?"

கரண்டியில் இருந்தது தட்டில் விழுந்தது. சீதாலட்சுமி குனிந்து பார்த்தாள். விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"இது… மொச்சக்கொட்டைங்க சம்பந்தி."

"ஆமா. அவரெகாளு. காளு அந்த்ரே கொட்டெ, பயிறு… அதுல செய்ற சாரு."

"காலுன்னா…" சீதாலட்சுமி தன் காலையே தொட்டுக் காட்டினாள். "இது இல்லியா?"

முதலில் புரிந்தது உத்தமனுக்குத்தான். தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பாவி! அடிப் பாவி மவளே! காலு சாறுன்னு அது கேட்டுதுன்னு… அதுக்கா ஜோகுபாளையம் வரைக்கும் போய் ஆட்டுக்கால் வாங்கின!" சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. புரை ஏறி இருமினார்.

சுனிதா ஓடிவந்து எதிரில் உட்கார்ந்தாள். "அத்தே… அன்னிக்கு நான் போன்ல சொன்னத கேட்டீங்களா? நான் ஆட்டுக்கால் கேட்டேன்னா நெனைச்சீங்க?"

"மசக்கைல எதுக்கு வேணா ஆசை வரும் கண்ணு… நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல…"

"அப்ப ஏன் சொல்லல? எல்லாரும் அவ்ளோ பேசினாங்களே! நான் வாசல்ல நின்னு கேட்டேனே!"

"எப்படிச் சொல்றது? உன் அப்பா எதிர்ல நிக்கறாரு. இவதான் கேட்டான்னு உன்னைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா? என்னை நாலு பேர் பேசினா பேசிட்டுப் போறாங்க… உனக்கு அம்மா வூடு வேணாமா?"

அவ்வளவுதான். சுனிதா அவள் மடியில் கவிழ்ந்துவிட்டாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். "நானே சொல்லியிருக்கணும் அத்தே… நீங்க பாத்துப் பாத்து செய்றீங்க. அத விட்டுட்டு எங்கம்மா சாரு வேணும்னா உங்க சமையல் புடிக்கலேன்னு வருத்தப்படுவீங்கன்னு… அதான் ஒண்ணும் இல்லேன்னேன்…"

"அட பைத்தியமே! அதுக்கா ஒளிச்ச? மொச்சக்கொட்டைதானே! கேட்டா மூட்டையா வாங்கிப் போட்டிருப்பேனே!"

சீதாலட்சுமி எச்சில் படாத கையால் மருமகளின் முதுகைத் தடவினாள். இத்தனை நாளும் அடக்கி வைத்தது அப்போதுதான் பொலபொலவென்று வந்தது. யசோதாவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உத்தமன் மட்டும் விடவில்லை.

"எம் மவன் இவள சீன்னுட்டான் சார்! ஒரு வருஷமா ஒரு துண்டு கறி வாயில வெக்கல இவ. நான்தான் தின்னேன். நான் திருடன். இவ இல்ல!"

கோவிந்தப்பா பேப்பரை மடித்தார். எழுந்தார். முதலில் போனை எடுத்து ஹரிஷை அழைத்தார்.

"ஹரிஷ்… ஆமா, நான்தான். லீவு போட்டு வாங்க. உங்க அம்மா கால்ல விழ வேண்டியவங்க ரெண்டு பேர் இருக்கோம். நான் ஒருத்தன், நீங்க ஒருத்தர்."

"ஐயோ அண்ணா! பெரிய வார்த்தையெல்லாம்…" சீதாலட்சுமி பதறி எழுந்தாள்.

"யசோதா," என்றார் அவர், மனைவியைப் பார்த்து. "இவங்கள ஏன் ஹால்ல ஒக்கார வெச்சே? ஒளகெ கர்கொண்டு ஹோகு. உள்ள கூட்டிட்டுப் போ."

அந்த வீட்டில் அடுக்களைக்குள்தான் சாமி மாடம். கறி சாப்பிடுகிறவர்கள் யாரும் அந்தப் படியைத் தாண்டியதில்லை. நிச்சயதார்த்தம் அன்றுகூட சீதாலட்சுமிக்குக் காபி ஹாலுக்குத்தான் வந்தது. அவளுக்கும் அதில் குறை இல்லை. அவரவர் வழக்கம் அவரவர்க்கு.

"வேணாம்ணா… இது ஆட்டுக்கால தொட்ட கை."

"தொட்ட கைதான்" என்றார் கோவிந்தப்பா. "யாருக்காக தொட்டீங்கன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. போங்கம்மா."

சீதாலட்சுமி முற்றத்துக் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு வந்து படிக்கு முன்னால் தயங்கி நின்றாள். சுனிதா அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. உள்ளே அடுப்பில் அடுத்த ஈடு மொச்சை கொதித்துக்கொண்டிருந்தது. யசோதா கரண்டியைக் கழுவித் துடைத்து, சம்பந்தியின் கையில் கொடுத்தாள்.

"நாளெயிலருந்து நீங்கதானே இவளுக்கு செஞ்சு போடணும்? வாங்க… தேங்கா எப்ப அரைச்சு ஊத்தணும்னு பாத்துக்கோங்க."