இடதுகைப் பொத்தான்

காலை ஒன்பது நாற்பது.

போன் அலறியது.

பதினைந்து தையல் மெஷின்களின் கடகடப்பில் டெய்லரம்மாவுக்குக் கேட்கவில்லை. நாத்தனார்தான் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"அக்கா... மாநகராட்சியிலேர்ந்து கிளார்க் பேசறேன். உங்க சாம்பிள் சட்டையைக் காணோம்."

"காணோம்னா?"

"நேத்து சாயந்திரம் கொக்கியில தொங்கிச்சு. இப்ப கொக்கி மட்டும்தான் இருக்கு. சாம்பிள் இல்லாம டெண்டர்ல உங்க பேரையே எடுக்க மாட்டாங்க. வீணா அலையாதீங்கன்னு சொல்லத்தான்..."

லைன் கட்டானது.



இந்த வருடம்தான் மாநகராட்சிக்கு நல்ல புத்தி வந்திருந்தது. ஊருக்குள்ளேயே பட்டறை வைத்து, ஊர்க்காரர்களுக்கே வேலை கொடுப்பவர்களுக்குத்தான் பள்ளிச் சீருடை ஆர்டர் என்று விதி போட்டிருந்தார்கள். அது கிடைத்தால் பதினைந்து பெண்களுக்கும் வருடம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

வேறொன்று தைக்கவும் வழியில்லை. முத்திரை குத்திய துணியை ஆளுக்கு ஒரு சட்டை அளவுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பதினோரு மணிக்குத் தேர்வு.

"சாம்பிளைக் காணோமாம். பட்டறையைப் பார்த்துக்க. எங்கேயும் போயிடாதே" என்றாள் நாத்தனாரிடம்.

"சரி அண்ணி."

ஸ்கூட்டர் பறந்தது.

வழியில் மறுபடி போன். தெரியாத நம்பர்... தெரியாத குரல்.

"மீட்டிங்குக்குப் போகாதே. துணி இருக்கற பட்டறை சீக்கிரம் தீப்பிடிக்கும்."

அவள் வண்டியைத் திருப்பவில்லை.

*

மாநகராட்சி மூன்றாவது மாடி. நீள மேஜை. நடுவில் ஆணையர் அம்மா. ஓரத்தில் கிளார்க், இடுப்பில் சாவிக்கொத்து. டெய்லரம்மாவைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு சரியில்லை.

சுவரில் இரண்டு கொக்கிகள். ஒன்று காலி. இன்னொன்றில் ஒரு சட்டை.

அதன் கீழே சஃபாரி சூட் போட்ட போட்டியாளர். ஊருக்குள் அவருக்கு ஒரு பெயர்ப்பலகையும் பூட்டிய ஷட்டரும் உண்டு. உள்ளே ஊசி ஓடும் சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

டெய்லரம்மா சட்டையைத் தொட்டாள். பொத்தானைத் திருப்பினாள்.

"மேடம், இது என் சட்டை."

சஃபாரி சிரித்தார். "ஒரே துணி, ஒரே அளவு. சட்டைன்னா எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்."

"பொத்தானைப் பாருங்க மேடம். நாங்க அதைக் கையாலதான் தைப்போம். நூல் தலைகீழா சுத்தியிருக்கு பாருங்க... இதைத் தைச்ச எங்க டெய்லர் இடதுகைக்காரி."

ஆணையர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "ஆமா. வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு."

சஃபாரி அசரவில்லை. "எங்க டெய்லரும் இடதுகைதான் மேடம். ரெண்டு வருஷமா எங்க பட்டறையிலதான் வேலை."

"அப்ப வம்பே இல்ல. ரெண்டு பேரும் உங்க டெய்லரைக் கூப்பிடுங்க. என் முன்னாடி ஒரு பொத்தான் தைக்கட்டும். அரை மணி நேரம் தரேன்."

சஃபாரி போனோடு வராந்தாவுக்கு ஓடினார்.

டெய்லரம்மா அந்த இடதுகைக்காரிக்கு, நாத்தனாருக்கு, போன் போட்டாள். பட்டறையில் வேறொருத்தி எடுத்தாள்.

"சின்னக்கா இல்லீங்களே. நூல் தீர்ந்துபோச்சுன்னு நூல் கடைக்குப் போனாங்க. போனை இங்கேயே வச்சுட்டுப் போயிட்டாங்க."

"எப்ப போனா?"

"நீங்க கிளம்பினதுமே."

ஐந்து நிமிடம்... பத்து... இருபது... பட்டறைப் பக்கம் புகை தெரிகிறதா என்று ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தாள். இருப்புக் கொள்ளவில்லை.

கதவு திறந்தது.

சஃபாரியின் டிரைவர். பின்னாலேயே...

நாத்தனார்!

"வந்தாச்சு மேடம், எங்க டெய்லர்" என்றார் சஃபாரி.

டெய்லரம்மா நாத்தனாரையே பார்த்தாள். முந்தாநாள் இருவருக்கும் ஒரு வார்த்தை தடித்துப் போனது உண்மைதான். அதற்காக இப்படியா?

நாத்தனார் அண்ணியை ஏறிட்டும் பார்க்கவில்லை. உட்கார்ந்தாள். இடதுகையில் ஊசி. நான்கு குத்து, மூன்று சுற்று, ஒரு முடிச்சு. துணித்துண்டை நீட்டினாள்.

ஆணையர் இரண்டு பொத்தான்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே கை."

"நான்தான் சொன்னேனே மேடம்" என்றார் சஃபாரி. "சாம்பிள் சட்டையைத் தைச்சது இவதான். எழுதியே தரேன்."

"எழுதிக் குடுங்க."

மடமடவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதுவரை பொறுத்திருந்த நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"அவர் சொல்றது நிஜம் மேடம். அந்தச் சட்டையை நான்தான் தைச்சேன்... இதோ நிக்கறாங்களே எங்க அண்ணி, அவங்க பட்டறையில."

சஃபாரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நூல் கடையில நின்னுட்டிருந்தேன். இவரோட டிரைவர் மூச்சிரைக்க வந்து, இடதுகை டெய்லர் யாராவது இருக்காங்களா, மாநகராட்சியில அரை மணி நேர வேலைன்னாரு. ஊர்ல இடதுகை டெய்லர் நான் ஒருத்திதான். கடைக்காரர் என்னைக் கை காட்டினாரு. சாம்பிள் காணாமப் போன அன்னிக்கே மாநகராட்சியில வேலைன்னதும் எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. வாயை மூடிட்டு வண்டியில ஏறிட்டேன்."

"பொய்" என்று கத்தினார் சஃபாரி.

ஆணையர் பதிவுக் கோப்பைப் பிரித்தார். பட்டறைகளைப் பதிவு செய்தபோது, மாநகராட்சி ஆட்களே நேரில் போய் ஒவ்வொரு தொழிலாளியையும் அவரவர் மெஷினோடு படம் எடுத்திருந்தார்கள்.

டெய்லரம்மாவின் பட்டறை. ஏழாவது மெஷின். இடதுகையில் கத்தரியோடு நாத்தனார். சஃபாரியின் பக்கத்தில் படமே இல்லை, கிளார்க்கின் கையெழுத்து மட்டும்தான்.

கிளார்க் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"நீங்க எங்கே கிளம்பிட்டீங்க? இந்த ரூம் பூட்டு உடையல. சாவி உங்ககிட்டதான் இருக்கு" என்றார் ஆணையர். போனை எடுத்துப் போலீஸுக்குச் சுழற்றினார்.

டெய்லரம்மா நாத்தனாரின் இடதுகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

சஃபாரி நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். ஆணையர் அவரை முறைத்தார்.

"அவரைத் திட்டாதீங்க மேடம்" என்றாள் நாத்தனார். "உள்ளூர் ஆளுக்குத்தான் வேலை குடுக்கணும்னு நீங்க ரூல் போட்டீங்க. பட்டறையே இல்லாத மனுஷன்... அப்பவும் எனக்கு அரை மணி நேரம் வேலை குடுத்திருக்காரே!"