நாற்பதாவது இடமும் ஒரு மெழுகு வில்லையும்

திங்கட்கிழமை. காலை 11.05.

மருத்துவமனைக் கிடங்கின் இழுப்பறையில் ஒரு வில்லையைக் காணோம்.

ஆய்வு நர்ஸ் இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தாள். தீப்பெட்டியில் பாதி அளவுள்ள பிளாஸ்டிக் தட்டுகள். ஒவ்வொன்றின் முகத்திலும் மெழுகு. மெழுகுக்குள் யாரோ ஒருவரின் உடம்பிலிருந்து எடுத்த துளி சதை. ஒன்றின் மெழுகு முகம் அடுத்ததன் பிளாஸ்டிக் முதுகில் சாய்ந்தபடி வரிசையாக நின்றன. நடுவில் ஓர் இடம் மட்டும் பல் விழுந்த வாய்போல் இருந்தது.

"போச்சு" என்றாள் நர்ஸ்.

வாசலில் நின்றிருந்தவள் காதில் அது விழுந்தது. காணாமல் போன சதை அவளுடையது.

அவள் மெழுகுவத்தித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக மேஸ்திரி. மார்பில் தொடங்கிய புற்றுநோய் ஈரல் வரை போய்விட்டது. இரண்டு மருந்து பார்த்தாகிவிட்டது, இரண்டும் கைவிட்டுவிட்டன. மூன்றாவது இன்னும் கடைக்கு வராத மருந்து. நாற்பது பேருக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். முப்பத்தொன்பது இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்று இன்று வரைதான். அந்த மருந்து தேடிப் பிடிக்கிற அடையாளம் இவள் நோயில் இருக்கிறதா என்று வெளியூர் ஆய்வகம் பார்க்க வேண்டும். அதற்கு அந்த வில்லை வேண்டும். அது இன்று கிளம்பிவிட்டால் முடிவு வரும்வரை இடத்தை அவளுக்காக வைத்திருப்பார்கள். வண்டி மூன்றரைக்கு.

"புதுசா ஊசி குத்தி எடுக்க முடியாதாம்மா?" என்று கேட்டாள் கூட வந்த நாத்தனார்.

"எடுத்தாலும் வில்லை ஆக்க ரெண்டு மூணு நாள் ஆகும். இன்னிக்கு சாயங்காலம் பதிவை மூடிடுவாங்க."

நாத்தனாருக்குக் கோபம் வந்தது. "பதினெட்டுப் பக்கம் பேப்பர் கொடுத்தீங்க. ஒரு வாரம் உட்கார்ந்து வரி விடாம படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டா. மருந்து கேட்கலாம், கேட்காமலும் போகலாம்னு எழுதியிருந்துச்சு. வில்லை காணாமப் போகலாம்னு எந்தப் பக்கத்துல எழுதியிருந்துச்சு?"

"அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மேஸ்திரி. "யார் யார் கையில அது போச்சுன்னு முதல்ல கேட்போம்."

தொழிற்சாலையில் ஒரு அச்சு உடைந்தாலும் உடைத்தவனை மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவளுக்குப் பேர். சத்தம் போட மாட்டாள். பார்ப்பாள்.

காலை 11.30.

கிடங்குப் பொறுப்பாளர் ஐம்பத்தெட்டு வயதுக்காரர். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். எல்லோரும் அவரைச் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். அறையைக் கண்ணாடிபோல் துடைத்து வைத்திருந்தார். ஏசி சிலுசிலுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் சுவிட்சுக்கு மேலே ஓர் அட்டை: 'அணைக்கக் கூடாது.'

"இந்தம்மா பேருல ரெண்டு வில்லை" என்றார். "முதல் வில்லையில நோய்ச் சதை. ரெண்டாவதுல பக்கத்துல எடுத்த நல்ல சதை. மைக்ராஸ்கோப்புல பார்க்க அறுத்துச் சீவணும்னு வியாழக்கிழமை ரெண்டையும் டெக்னீசியன் வாங்கிட்டுப் போச்சு. வெள்ளி நாலு பத்துக்கு ரெண்டாவது மட்டும் திரும்பி வந்துச்சு. ரிஜிஸ்டரைப் பாருங்க."

பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது, அவர் கையெழுத்திலேயே.

"முதல் வில்லை?"

"வரவே இல்ல. அந்தப் பொண்ணு எங்கேயாவது தொலைச்சிருக்கும். அதுக்கு எப்பவும் தூக்கக் கலக்கம்தான்."

"குடிக்கக் கொஞ்சம் ஜில்லுனு தண்ணி இருக்குமா சார்?" நாத்தனார் மேசைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன பிரிட்ஜைக் காட்டினாள்.

"அது ரிப்பேர்மா. திறக்காதீங்க, நாத்தம் வரும். வெளியில குழாய் இருக்கு."

எல்லோரும் வெளியே வந்தார்கள். சாவி பழக்க தோஷத்தில் விளக்கை அணைத்தார், மின்விசிறியை அணைத்தார், கணினித் திரையையும் அணைத்தார். நடையில் யாரோ எரியவிட்டிருந்த விளக்கையும் போகிற போக்கில் தட்டிவிட்டார்.

"வீட்டுல உங்க சம்சாரம் இருட்டுலதான் சமைப்பாங்களா சார்?" என்றாள் நாத்தனார்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. கதவு சாத்தும்வரை இருண்ட அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் 12.10.

டெக்னீசியன் அழுதுவிடுவாள் போலிருந்தாள். வீட்டில் இரட்டைக் குழந்தைகள், எட்டு மாதம். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ரெண்டையும் ஒண்ணாத்தான் கொடுத்தேன்க்கா. அவர் மேசையில வெச்சேன்."

"அவர் பார்த்தாரா?"

"வீட்டுக்குக் கிளம்பற அவசரத்துல இருந்தார். வெச்சுட்டுப் போன்னார்."

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"சரி. அறுக்கும்போது என்ன செய்வே? முதல்ல இருந்து சொல்லு தங்கச்சி."

"வில்லையைப் பனிக்கட்டி மேல வெச்சு இறுக வைப்பேன். அப்புறம் முதுகுல மெழுகு ஒழுகியிருந்தா பிளேடால சுத்தமாச் சுரண்டுவேன். ஒரு பொருக்கு இருந்தாலும் மிஷின்ல ஆடும், அறுப்பு கோணலாப் போகும். அப்புறம் முடியை விட மெல்லிசா சீவி எடுப்பேன்."

"ரெண்டுக்குமே முதுகைச் சுரண்டினியா?"

"சுரண்டாம மாட்டவே முடியாதுக்கா."

மேஸ்திரி எழுந்தாள். முதுகெலும்பில் வலி சுள்ளென்றது. நாத்தனார் தோளைக் கொடுத்தாள்.

"ரெண்டாவது வில்லையைப் பார்க்கணும்" என்றாள்.

மதியம் 1.00.

கிடங்கில் ஐந்து பேர். சாவி, டெக்னீசியன், நர்ஸ், நாத்தனார், மேஸ்திரி.

நர்ஸ் இரண்டாவது வில்லையை எடுத்துக் கொடுத்தாள். மேஸ்திரி அதன் மெழுகு முகத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பிளாஸ்டிக் முதுகை வெளிச்சத்தில் சாய்த்தாள். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை நெம்பினாள். வெங்காயத் தோல்போல ஏதோ ஒன்று மேலெழும்பியது.

"இது என்ன தங்கச்சி?"

டெக்னீசியன் குனிந்தாள். "மெழுகு! ஆனா நான் இதைச் சுரண்டி..."

"சுரண்டிட்டே. அதுக்கப்புறம் வந்து ஒட்டினது இது. இந்த முதுகு மேல எந்த வில்லையோட முகம் சாய்ஞ்சு நிக்கும்?"

நர்ஸ் வரிசையைப் பார்த்தாள். குரல் உயர்ந்தது. "முதல் வில்லையோடதுக்கா!"

"அப்போ வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ரெண்டும் இதே இழுப்பறையில ஒட்டி நின்னிருக்கு. இந்தப் பொண்ணு பொய் சொல்லல."

சாவி தொண்டையைச் செருமினார். "மெழுகுன்னா ஒட்டத்தானே செய்யும்."

"குளிர்ல ஒட்டாது சார். இருபத்திரண்டு வருஷமா என் கை அதுலதான் இருக்கு. நல்லா வெக்கை ஏறினாத்தான் மெழுகு இளகும், பக்கத்துல இருக்கறதைப் பிடிச்சுக்கும். இந்த அறை இப்போ ஐஸ் மாதிரி இருக்கு. சனி, ஞாயிறு வெளியில அனல். ஆஸ்பத்திரியில கரண்ட் போச்சா நர்ஸம்மா?"

"போகலக்கா. போனாலும் ஜெனரேட்டர் இருக்கு."

"அப்போ ஏசி தானா நிக்கல. யாரோ நிறுத்தினாங்க. விளக்கு, விசிறி, நடையில எரியற விளக்குன்னு கண்ணுல பட்டதையெல்லாம் தட்டிட்டுப் போற கை ஒண்ணு இருக்கே, அது வெள்ளிக்கிழமை கிளம்பற அவசரத்துல அந்த அட்டையையும் தாண்டிப் போயிருக்கு. திங்கட்கிழமை காலையில கதவைத் திறந்தா அடுப்புக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்திருக்கும். வில்லையெல்லாம் ஒட்டிக் கிடந்திருக்கும். ஒவ்வொண்ணாப் பிரிச்சிருக்கார். மத்ததெல்லாம் வந்துடுச்சு. என்னோடது மட்டும், புதுசா அறுத்த முகம் பாருங்க, தோலோட உரிஞ்சு வந்துடுச்சு."

"இதெல்லாம் கற்பனை" என்றார் சாவி. ஆனால் சாவிக்கொத்து இடுப்பில் கலகலத்தது.

"இருக்கலாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காலையில கிளம்பும்போது அறையில எல்லாத்தையும் அணைச்சீங்க. ஏசியை விட்டீங்க, அது சரி, இப்ப பயம் வந்துடுச்சு. ரிப்பேரான பிரிட்ஜோட பிளக்குல மட்டும் ஏன் சார் சிவப்பு விளக்கு எரிஞ்சுது?"

எல்லோரும் பிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார்கள். அது உர்ரென்று முனகிக்கொண்டிருந்தது.

"இளகின மெழுகைப் பார்த்தவர் அதை எங்கே வெப்பார்? அண்ணி, திறங்க."

நாத்தனார் அதற்குள் திறந்துவிட்டாள். தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பின்னால், கைக்குட்டையில் சுற்றி, முதல் வில்லை.

சாவி நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டையைத் தாண்டி அணைத்தது இது இரண்டாவது தடவை. போன வருடமே எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம்.

"பாழாப் போச்சுன்னு நினைச்சேன்மா" என்றார் மெதுவாக. "எறியவும் மனசு வரல. காட்டவும் தைரியம் இல்ல. ரிஜிஸ்டரையும் இன்னிக்குக் காலையிலதான் எழுதினேன்."

"அதனால பழியைக் கைக்குழந்தைக்காரி மேல போட்டீங்க" என்றாள் நாத்தனார்.

மேஸ்திரி வில்லையைக் கையில் வாங்கினாள். முகம் பொக்கையாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே பழுப்பாக ஒரு துளி, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"மேல தோல் உரிஞ்சா மெழுகுவத்தி வீணாயிடுமா சார்? திரி உள்ளே முழுசா இருந்தா உருக்கி மறுபடி வார்த்துடலாம். என்னைக் கேட்டிருந்தா காலையிலேயே சொல்லியிருப்பேன். தங்கச்சி, முடியுமா?"

டெக்னீசியன் வில்லையை உருப்பெருக்கியில் பார்த்தாள். அன்றைக்கு முதல்முறையாக அவள் முகத்தில் தூக்கம் இல்லை.

"சதை முழுசா இருக்குக்கா! ஒரு மணி நேரம் கொடுங்க."

ஐம்பது நிமிடம்தான் எடுத்துக்கொண்டாள். உருக்கினாள், வார்த்தாள், பனிக்கட்டியில் இறுக்கினாள். முதுகைச் சுரண்டி, நகத்தால் தடவிச் சரிபார்த்தாள். மூன்று மணிக்கு வில்லை பெட்டிக்குள் போனது. நடந்ததை எல்லாம் நர்ஸ் ஒரு தாளில் எழுதி, சாவியிடமும் கையெழுத்து வாங்கி, பெட்டியோடு வைத்தாள். 3.28-க்கு வண்டி வாசலைத் தாண்டியது. நாத்தனார் அது தெருமுனை திரும்பும்வரை கையாட்டினாள், ஓட்டுநர் அவளுக்கு மாமன் மகன் மாதிரி.

ஒன்பதாம் நாள், காலை 9.40. மேஸ்திரி தொழிற்சாலைக் கணக்கில் அரைநாள் விடுப்பு எழுதிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அக்கா, அடையாளம் இருக்கு! இடம் உங்களுக்குத்தான்!" நர்ஸ் கத்திய கத்தலில் வார்ப்புப் பிரிவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் அந்தப் பிரிவும் கத்தியது.

அடுத்த வாரம் மருந்தின் முதல் தவணை. போகிற வழியில் கிடங்கைப் பார்த்தார்கள். ஏசி சுவிட்சுக்கு இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டியிருந்தார்கள். அதன் சாவி டெக்னீசியன் கழுத்தில் தொங்கியது.

காலை 10.15. சொட்டு இறங்கத் தொடங்கியது. நர்ஸ் மேஸ்திரியின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினாள். அதில் அவளுடைய வரிசை எண் மட்டும், பெரிதாக: 40.

நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐம்பத்திரண்டு வயசுக்காரிக்கு நாற்பதுன்னு எழுதிக் கட்டிட்டாங்க" என்றாள். "பத்து சொட்டுகூட இறங்கல. மருந்து அதுக்குள்ள வேலையைக் காட்டுதே!"

இந்தத் தடவை மேஸ்திரி சிரித்தாள். கட்டில் குலுங்கும் அளவுக்குச் சிரித்தாள். ஊசி நழுவிவிடப் போகிறது என்று நர்ஸ் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.