பன்னிரண்டரைக் கழுத்து

தையற்காரி அந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்து இறங்கியது மெக்கானிக்கின் மோட்டார் சைக்கிளில்தான். மடியில் ஒரு பெட்டி, கழுத்தில் எப்போதும் போல அளவு டேப். தெரு மொத்தமும் சன்னலில் நின்று பார்த்தது. பார்க்காத மாதிரியும் நின்றது.

அவள் இறங்கிய பிறகும் வண்டியின் பின்பக்கம் உடனே எழும்பவில்லை. கொஞ்ச நேரம் தாழ்ந்தே இருந்து, யாரோ மனசில்லாமல் இறங்குவது போல மெல்ல நிமிர்ந்தது. ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்று தெரு தீர்மானித்தது. அடுத்தவர் வண்டிக்கெல்லாம் உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிற மனுஷன், தன் வண்டியைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்.

மூத்த தாரம் செத்துப் போனதும் அந்த வண்டியில்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மழைச் சாயங்காலம், ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருக்கிற வளைவில். காரணம் சொல்வதில் தெரு நான்கு கட்சியாகப் பிரிந்தது. பின் டயர் மொழுக்கென்று தேய்ந்திருந்ததாம். வளைவில் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றதாம். அவர் ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிப் பேசிக்கொண்டே ஓட்டினாராம். அவள் எப்போதும் போல ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாளாம். நான்கும் உண்மை. அந்த வீட்டில் அன்றைக்கு ஒரே ஒரு ஹெல்மெட்தான் இருந்தது, அது அவர் தலையில் இருந்தது என்கிற ஐந்தாவது உண்மையை மட்டும் அவர் காதுபடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குத் தலை.

அதனால் இவளுக்கென்று வெள்ளையில் ஒரு ஹெல்மெட் வாங்கியிருந்தார். கூடவே ஒரு பழக்கமும் வந்திருந்தது. கிளட்சைப் பிடித்தபடி காத்திருப்பார். பின்னால் தாடைப் பட்டையின் கொக்கி ‘டக்’ என்று விழுகிற சத்தம் கேட்டால்தான் வண்டி நகரும். திரும்பிப் பார்க்க மாட்டார். பார்ப்பதற்கு என்னவோ பயம்.

காலையில் அவளைத் தையல் கடையில் இறக்கிவிடுவார். வெள்ளை ஹெல்மெட் நாள் பூராவும் வண்டிக் கொக்கியில் தொங்கும். சாயங்காலம் ஆறரைக்கு வந்து இரண்டு குட்டி ஹாரன். இதுதான் நடைமுறை.

முதல் வாரத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். காலையில் தளர்த்தி வைத்த பட்டை, சாயங்காலம் இறுகியிருந்தது. அவள் தாடைக்குப் போடவே முடியவில்லை. மறுபடி தளர்த்தினாள். மறுநாளும் இறுகியிருந்தது. ஹெல்மெட்டுக்குள் ஈரக் கூந்தல் வாடை வேறு. வெளியே வெயில்.

பகலில் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு சுற்றுகிறார். வேறென்ன?

இந்த மாதிரி விஷயங்களில் முதல் தகவல் எங்கிருந்து வருமோ அங்கிருந்துதான் வந்தது. எதிர்க்கடை இஸ்திரிக்காரி, சூடு ஆறாத சட்டையை மடித்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள்.

“அக்கா, நீ ஏன் தலையில ஒண்ணும் மாட்டாம போற? நேத்துகூட ரயில்வே கேட்டுகிட்ட அண்ணன் வண்டியில ஒருக்களிச்சு உக்காந்து போனியே. அஞ்சு மணி இருக்கும்.”

முந்தின நாள் ஐந்து மணிக்குத் தையற்காரி கடைக்குள் ஒரு கவுனுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தக் கவுனுக்கு இரண்டும் இடது கையாகவே வைத்தாள்.

வீட்டில் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை என்று மெக்கானிக் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போனார். பொய் சொல்கிற ஆம்பிளை நன்றாகச் சாப்பிடுவான் என்பது அவள் அனுபவம். அதுதான் அவளைக் குழப்பியது.

மறுநாள் கடையில் ஹெல்மெட்டைத் தன்னோடு வைத்துக்கொண்டு டேப்பை எடுத்தாள். பட்டையில் இறுக்கிய இடத்தில் பதிந்திருந்த தடத்தை வைத்து, அது எந்த அளவுக் கழுத்துக்கு உட்காரும் என்று கணக்குப் போட்டாள். அவளுடைய கழுத்து பதினாலரை அங்குலம். இது பன்னிரண்டரைக்குத்தான் போகும். பெரிய மனுஷிக்குப் பன்னிரண்டரைக் கழுத்தா? அவளுக்குத் தெரிந்து அப்படி ஒருத்திதான் உண்டு.

பழைய அளவு நோட்டை இறக்கித் தூசி தட்டினாள். அவள் கையெழுத்துதான். மூன்று வருடத்துக்கு முன், காலர் வைத்த சட்டை, நீல நிறம். கழுத்து பன்னிரண்டரை. பெயர் எழுதுகிற இடத்தில், ‘மெக்கானிக் வீட்டம்மா’.

வேறொருத்தியாக இருந்தால் அலறியிருப்பாள். இவளுக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருப்பவள் என்றால் முடியைப் பிடித்து இழுத்து இறக்கிவிடலாம். செத்தும் சீட்டை விடாதவளை என்ன செய்வது? அவளுக்கு ஹெல்மெட் மாட்டினாலும் ஒன்றுதான், மாட்டாவிட்டாலும் ஒன்றுதான். அளவு வேண்டாம், அனுமதி வேண்டாம். நான் மட்டும் எண்ணெய்ச் சட்டி கவிழ்த்த மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு விருந்தாளியாக உட்கார வேண்டுமா?

மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஆறரைக்கே இருட்டிவிட்டது. இரண்டு குட்டி ஹாரன்.

அவர் நீட்டிய வெள்ளை ஹெல்மெட்டை வாங்கி, சத்தமில்லாமல் கடைப் படியில் வைத்தாள். வெறுந்தலையோடு ஏறி, அவர் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தாள். இன்றைக்கு இடமே மிச்சம் விடக் கூடாது.

“பட்டை போட்டியா?”

அவள் இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

‘டக்.’

சத்தம் அவள் காதுக்கு வெகு பக்கத்தில் கேட்டது.

வண்டி நகர்ந்துவிட்டது.

ரயில்வே கேட் வரை மழைச் சத்தம்தான். அதைத் தாண்டியதும் அவருக்கும் அவளுக்கும் நடுவில் சில்லென்று எதுவோ நுழைந்தது. ஈரக் கூந்தல் அவள் வாயில் பட்டது. அவள் இறுக்கிப் பிடித்தாள். கைக்குக் கிடைத்தது அவர் இடுப்பு இல்லை. அதைவிட ஒல்லியானது.

அவர் தலையைத் திருப்பாமல், ரொம்பப் பழகிய குரலில் முனகினார்.

“தள்ளி உக்காருங்க. ரெண்டு பேரும் இப்படி நெருக்கினா எப்படி ஓட்டறது?”

வளைவு வந்தது.

லாரியும் நின்றது. விளக்கில்லாமல்.

அவள் கண் விழித்தது ஆஸ்பத்திரியில். தோள்பட்டையில் முறிவு, தாடைக்குக் கீழே நூல் கட்டி இறுக்கியது போல ஒரு சிவப்புக் கோடு. நர்ஸ் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்துக் காட்டினாள். உச்சியில் விரிசல். பட்டையைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றினார்களாம், அவ்வளவு இறுக்கமாம்.

“யார் மாட்டிவிட்டாங்களோ, இது இல்லேன்னா நீங்க இல்லம்மா.”

அது கறுப்பு ஹெல்மெட். மெக்கானிக்குடையது.

அவரைப் பற்றிப் பிறகு தெருதான் சொன்னது. இரண்டு வருடமாக மூலைக்கடைக்குக்கூட ஹெல்மெட் இல்லாமல் போகாத மனுஷன், வெறுந்தலையோடு செத்துக் கிடந்தார். முகத்தில் ஒரு கீறல் இல்லை. யாரையோ வெகுநாள் கழித்துப் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

தெரு திரும்பவும் கட்சி பிரிந்தது. லாரி, மழை, வேகம். பெண்டாட்டிக்காகத் தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்த உத்தமன் என்று ஒரு கட்சி புதிதாகக் கிளம்பியது. தையற்காரி மறுக்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவர் தலையிலிருந்து மூத்தவள் அதைக் கழற்றியது, அவர் வேண்டும் என்பதற்காக. தன் தலையில் மாட்டியது, தான் கூட வந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒரு பொம்பளையின் கணக்கு இன்னொரு பொம்பளைக்குப் புரியாதா?

மூன்று மாதம் கழித்துக் கடையைத் திறந்தாள். படியில் கிடந்த வெள்ளை ஹெல்மெட்டை இஸ்திரிக்காரி பத்திரமாக எடுத்து உள்ளே ஆணியில் மாட்டியிருந்தாள்.

சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கடிகாரம் ஆறரை காட்டியது.

வெளியே இரண்டு குட்டி ஹாரன்.

அவளுக்குப் பயம் வரவில்லை. வந்தது பழைய எரிச்சல்தான். கத்தரியைப் போட்டுவிட்டு, தோள் வலியையும் மறந்து, வெறுந்தலையோடு வாசலுக்கு ஓடினாள். இந்த முறையாவது முதலில் ஏறிவிட வேண்டும்.

படியில் கால் வைப்பதற்குள் தலையில் கனமாக ஒன்று இறங்கியது.

‘டக்.’

வண்டிச் சத்தம், இரண்டு பேர் பாரத்தோடு, தெரு முனை திரும்பித் தேய்ந்தது. எதிரே இஸ்திரிக்காரி மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டே, “அண்ணன் வந்...” என்று ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையற்காரி விரல்களைத் தாடைக்கடியில் விட்டுப் பார்த்தாள். பட்டை இறுக்கவில்லை. சரியாக இரண்டு விரல் இடம்.

பதினாலரைக் கழுத்துக்கு அளவெடுத்துப் போட்டது போல.

கழுத்தில் தொங்கிய டேப்பைத் தேடினாள். அது இல்லை.