கரைப்பக்கத்துப் பால்கனி

மாலை 4.45. பூட்டுக்கடைக்காரரின் மனைவி காணாமல் போயிருப்பது அப்போதுதான் தெரியவந்தது. கண்டுபிடித்தவர் கணவர் அல்ல, கணவரின் அக்கா.

முழங்கால் வலிக்காரரான அக்கா, ஏழாம் தளத்து நடைவழியில் தன் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு கொடுத்த குரலுக்கு, கப்பலின் சங்கு அன்று விடுப்பில் போயிருக்கலாம்.

"காலுக்குத் தைலம் தேய்க்க வாடின்னு எத்தனை தடவை கதவைத் தட்டுறது? சத்தமே இல்ல! தம்பி பொண்டாட்டி கடல்ல விழுந்துட்டா!"

அது ஓர் உல்லாசக் கப்பல். ஒரு வாரம் கரையோரமாகவே போய், ஊர் ஊராக நின்று, மறுநாள் காலை கடைசித் துறைமுகத்தில் எல்லோரையும் இறக்கிவிடும். அதற்கு முந்தைய ஊரில்தான் அன்று காலையிலிருந்து கட்டிக் கிடந்தது. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். காணாமல் போன பயணியை விட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. கேப்டன் குளிர்சாதன அறையில் நின்றபடி வியர்த்தார்.

பாதுகாப்பு அதிகாரி வந்தார். முன்பு நிலத்தில் காவல் ஆய்வாளராக இருந்தவர். ஊழியர்களுக்கு ஆபீசரம்மா. அந்தக் கப்பலில் நடக்கும் குற்றங்கள் பெரும்பாலும் நீச்சல்குளத்து நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிப்பது சம்பந்தமானவை என்பதால், சற்று வேகமாகவே வந்தார்.

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது, கேப்டன்?"

"உள்ளதான் இருக்காங்கன்னு சொல்லுது. காலையில போயிருக்காங்க, மூணரைக்கு வந்திருக்காங்க."

ஒவ்வொரு பயணிக்கும் ஓர் அட்டை உண்டு. இறங்கும்போது வாசல் இயந்திரத்தில் வைத்தால் ஒரு 'பீப்'. ஏறும்போது இன்னொரு 'பீப்'. அதே அட்டைதான் அறைக்குச் சாவி. அறைக்குள் கதவோரப் பிளவில் அதைச் செருகினால்தான் விளக்கு எரியும்.

அறைக் கதவு பூட்டியிருந்தது. "உள்பக்கமா பூட்டின ரூமா?" என்று பக்கத்து அறைப் புதுமாப்பிள்ளை ஆவலோடு எட்டிப் பார்த்தார். கப்பலில் எல்லாக் கதவும் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் என்று அவருக்கு விளக்கப்பட்டது. அவர் முகம் வாடிவிட்டது.

அதிகாரி தன் அட்டையால் கதவைத் திறந்தார். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பிளவில் மனைவியின் அட்டை. அலமாரியில் இருவர் துணிகளும் மடிப்புக் கலையாமல் இருந்தன. குளியலறையில் ஒரே ஒரு மஞ்சள் மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. மதியம் முழுக்க மழை. காலையிலேயே ஆளுக்கொரு மழைக்கோட்டுக் கொடுத்து அனுப்புவது கப்பலின் வழக்கம்.

"அவங்க மாத்திரை ஏதாவது சாப்பிடுவாங்களா?"

"சர்க்கரைக்கும் பிரஷருக்கும். வேளை தவற மாட்டா" என்றார் அக்கா.

மாத்திரை டப்பா எங்கும் இல்லை. படிக்கிற கண்ணாடியும் இல்லை.

பால்கனிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. நாற்காலியில் ஒரு தொலைநோக்கி. அதிகாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். நிதானமாக, இரண்டு தடவை பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

கணவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. அக்காவின் அறையில் உட்கார்ந்திருந்தவரைக் கேப்டன் அழைத்து வந்தார். அறுபது வயது. ஊரில் பூட்டுக் கடை. முகமும் அதற்கேற்பவே இருந்தது. இரண்டு கண்களைச் சுற்றியும் வட்டமாகச் சிவந்திருந்தது. அழுத கண் என்று கேப்டன் நினைத்தார்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க சார்?"

"மூணரை இருக்கும். மூணு பேரும் ஒண்ணாத்தான் ஏறினோம். அவ ரூமுக்கு வந்தா. நானும் வந்து, ஈரச் சட்டையை மாத்திட்டு அக்காகிட்ட போயிட்டேன்."

"போன் பண்ணிப் பார்த்தீங்களா?"

"சுவிட்ச் ஆஃப்."

"எப்ப பண்ணீங்க?"

"பண்ணல. சுவிட்ச் ஆஃபாத்தான் இருக்கும்."

அதிகாரி இந்தப் பதிலை மனதில் ஓர் ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

"காலையில சண்டையா?"

"எங்க வீட்ல சண்டையே வராது. நான் பேசுவேன், அவ கேட்பா."

"பொய், மேடம்!" வாசலிலிருந்து புதுமாப்பிள்ளை பொங்கினார். கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பக்கத்து அறையைக் கவனிக்க நேரம் கிடைத்துவிட்டது. "காலையில இவரு கத்தினது எங்களுக்கே கேட்டுச்சு. 'போ! போய்த் தொலை! திரும்பி வராதே!'ன்னாரு. அந்தம்மா அழுதாங்க. இல்லம்மா?"

அவர் மனைவி அவரை முழங்கையால் இடித்தார். "உங்களுக்குத்தான் காது அந்தப் பக்கமே இருந்துச்சு."

மாலை 5.10. அக்காவின் அறை. ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும் தெரிந்தது.

"நீங்க கடல் பக்கம், தம்பி கரைப்பக்கம். ஏம்மா அப்படி?"

"அதை ஏன் கேக்குற! தீவுக்குப் போற கப்பல்ல போலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இந்த ரூட்லதான் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னான். இத்தனைக்கும் அவனுக்குக் குளத்துல படகு ஏறினாலே வாந்தி வரும். ரூம் போடும்போது, எல்லாரும் கடல் தெரியணும்னு கேப்பாங்க. இவன் கரை தெரியணும்னு கேக்குறான். பூட்டு விக்கிறவன் புத்தி."

"கப்பல் ஏறும்போது தம்பி பொண்டாட்டி எங்க இருந்தாங்க?"

"என் பின்னாடி. தம்பி என்னைத் தள்ளிட்டு வந்தான், அவ அவன் பின்னாடி வந்தா."

"பார்த்தீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? முப்பது வருஷமா பின்னாடிதானே வர்றா. மார்க்கெட்ல இருந்து கப்பல் வரைக்கும் அவகிட்ட பேசிக்கிட்டேதான் வந்தேன்."

"அவங்க என்ன பேசினாங்க?"

அக்கா அந்தக் கேள்வியை விநோதமாகப் பார்த்தார். "அவ என்ன பேசுவா? நான்தான் பேசுவேன்."

அதிகாரி தலையாட்டினார். "தம்பிக்குப் பிள்ளைங்க?"

அன்று முதல்முறையாக அக்காவின் வாய் மூடிக்கொண்டது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "ஒருத்தி இருந்தா" என்றார்.

"இறந்துட்டாங்களா?"

"அடச்சே, வாயக் கழுவு! நல்லாத்தான் இருப்பா. என் மகனுக்குன்னு பேசி வச்சிருந்த பொண்ணு. இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா. இனி எனக்கு மகளே இல்லன்னு தம்பி நாலு பேர் முன்னாடி சொல்லிட்டான். சொன்னா சொன்னதுதான். ஆறு வருஷமா அவ பேரை வீட்ல யாரும் எடுக்கறதில்ல."

மாலை 5.20. கப்பல் வாசல். மரச்சரிவு இன்னும் கரையோடு இணைந்திருந்தது. காவலர் நேராக நின்றார்.

"அட்டை வைக்கும்போது திரையில போட்டோ வரும். முகத்தோட ஒத்துப் பார்க்கணும். பார்த்தீங்களா?"

"எப்பவும் பார்ப்பேன் மேடம்."

"சக்கர நாற்காலி வந்தா?"

காவலரின் நேர் கொஞ்சம் வளைந்தது. "வண்டி வந்தா பக்கத்து வழியைத் திறந்து விட்டுடுவோம். அவங்க வீட்டு அட்டையெல்லாம் அந்தம்மா மடியில இருந்துச்சு. மழை வேற. ஒரு கையால வண்டியை மேல இழுத்தேன், இன்னொரு கையால மூணையும் வச்சேன். மூணு பீப் வந்துச்சு."

"தலை எத்தனை வந்துச்சு?"

காவலர் கடலைப் பார்த்தார். அதுவும் உதவவில்லை.

மாலை 5.30. கணவரின் அறை. கேப்டன் துறைமுகப் போலீசுக்குப் போன் செய்யக் கையை நீட்டினார். அக்கா, புதுமாப்பிள்ளை, அவர் மனைவி என எல்லோரும் உள்ளே இருந்தார்கள். போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் பூட்டுக்கடைக்காரர் எழுந்து நின்றார்.

"யாரையும் கூப்பிட வேணாம். நான்தான் தள்ளி விட்டேன்."

புதுமாப்பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பயணத்துக்குக் கொடுத்த பணம் அந்த நொடியில் அவருக்கு வசூலாகிவிட்டது.

"எங்கேருந்து சார்?" என்றார் அதிகாரி.

"பால்கனிலேருந்து."

"பால்கனிக்குக் கீழ டாக்சி ஸ்டாண்ட். மூணு மணிலேருந்து பத்து டிரைவருங்க அங்க கூரைக்கு அடியில சீட்டு விளையாடிட்டு இருக்காங்க. கூரை மேல ஒரு அம்மா வந்து விழுந்திருந்தா, ஆட்டத்தைக் கொஞ்சமாவது நிறுத்தியிருப்பாங்க."

பூட்டுக்கடைக்காரர் யோசித்தார். "அப்ப வேற எங்கேருந்தோ தள்ளினேன்."

"உட்காருங்க சார்." அதிகாரி எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க மனைவி விழவும் இல்ல, தள்ளப்படவும் இல்ல. இன்னிக்கு அவங்க கப்பலுக்குத் திரும்பி வரவே இல்ல. மழையில நனைஞ்சு வந்தது ரெண்டு பேருன்னா, குளியலறையில ரெண்டு கோட்டு சொட்டணும். ஒண்ணுதான் சொட்டுது. சாகப் போறவங்க மாத்திரை டப்பாவும் கண்ணாடியும் கையோட எடுத்துட்டுப் போக மாட்டாங்க. தங்கப் போறவங்கதான் எடுத்துப்பாங்க. அட்டை மட்டும் திரும்பி வந்துச்சு. அதை அக்கா மடியில வச்சது நீங்க. இந்தப் பிளவுல செருகினதும் நீங்க. ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பற வரைக்கும் போனை அணைச்சு வைக்கச் சொன்னதும் நீங்கதான். இல்லேன்னா கூப்பிடாமலே சுவிட்ச் ஆஃப்னு எப்படித் தெரியும்?"

"அவங்களே ஓடிப் போயிருந்தா?" என்று கேப்டன் கேட்டார்.

"ஓடிப் போனவங்க அட்டையை இவரு ஏன் சுமக்கணும்? இவருதான் அனுப்பினாரு. காலையில அந்தம்மா அழுதது 'நீங்க வராம நான் போக மாட்டேன்'னு. இவரு கத்தினது அதுக்குத்தான்." அதிகாரியின் குரல் கொஞ்சம் தணிந்தது. "சார், உங்க கண்ணைச் சுத்தி இருக்கிறது அழுத சிவப்பு இல்ல. தொலைநோக்கியை அழுத்தி வச்ச தடம். வாந்தி வர்ற ஆளு கப்பல் ஏறினீங்க. இந்த ஊர்ல நிக்கிற கப்பலாப் பார்த்து ஏறினீங்க. கடலை விட்டுட்டு ஊர் தெரியற பக்கமா ரூம் கேட்டீங்க. உங்க மக இந்த ஊர்லதானே இருக்கா?"

பூட்டுக்கடைக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அக்கா மெதுவாக, "அப்ப நான் மார்க்கெட்லேருந்து யார்கிட்ட பேசிட்டு வந்தேன்?" என்று கேட்டார்.

"அதுதான் எல்லாரும் கவனிக்காம விட்டது, அம்மா. அவங்க பதில் சொல்லாதது உங்களுக்கு வித்தியாசமாவே தெரியல."

கேப்டனுக்கு ஓர் அடிப்படைச் சந்தேகம் பாக்கியிருந்தது. "முந்தின ஊர்ல இறங்கிக்கறோம்னு வரவேற்புல ஒரு வார்த்தை சொன்னா நாங்களே பெட்டியைத் தூக்கிக் கொடுத்து அனுப்புவோமே. வருஷம் முழுக்க இறங்குறாங்க."

"வரவேற்புல எப்படிங்க சொல்றது?" பூட்டுக்கடைக்காரர் முதல்முறையாக நியாயம் கேட்கும் குரலில் பேசினார். "அக்கா நாற்காலி காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அங்கதானே நிக்குது. கொலைகாரன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். சொன்ன சொல்லை முழுங்கினவன்னு மட்டும் சொல்லிடக் கூடாது."

"எந்த வீடு?" என்றார் அதிகாரி.

"தெரியாது. அவளுக்குத் தெரியும். நான் கேக்கல. கேட்டா நான் எறங்கி வந்த மாதிரி ஆயிடுமே." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அதனால எல்லா வீட்டையும் பார்த்தேன். ஒவ்வொரு ஜன்னலா. துணி காயப் போட யாராவது வருவாங்களான்னு. மழை பெஞ்சதுல யாரும் வரல."

புதுமாப்பிள்ளையின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு தம்பியின் முன்னால் வந்தார். அடித்துவிடுவார் என்று கேப்டன் ஒரு அடி பின்வாங்கினார்.

"ஏன்டா, என் மகனுக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க. அவன் பொண்டாட்டி அவனைப் படுத்துற பாட்டுல அந்தப் பழைய கதையெல்லாம் அவனுக்கு ஞாபகமே இல்ல. நீ யாருக்காகடா வீம்பு பிடிச்சிட்டு இருந்தே?"

"உனக்காகத்தான் அக்கா."

"எனக்காகவா? நீ அவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிட்டியே, உன் கௌரவம் என்னாகுறதுன்னு நான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்டா! நான்! வாயைப் பொத்திக்கிட்டு! ஆறு வருஷம்!"

அந்த வாய்க்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

மாலை 5.50. கப்பல் சங்கு ஒருமுறை ஊதியது.

"கயிறு அவிழ்க்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றார் அதிகாரி, யாரிடமும் சொல்லாதது போல. பிறகு கேப்டனிடம், "ரெண்டு பேர் முன்னாடியே இறங்கறாங்கன்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டார். கேப்டன் அவசரமாகத் தலையாட்டினார். போலீஸ் இல்லாத எந்த முடிவுக்கும் அவர் சம்மதித்திருப்பார்.

"உன்னை யாரு அக்கா தள்ளுவா?"

"இந்த ஆபீசரம்மா தள்ளுவா. முழுப் பயணத்துக்கும் காசு கட்டியாச்சு. ராத்திரிச் சாப்பாட்டை நான் விடுறதா இல்ல. நாளைக்கு என் மகன் வந்து கூட்டிட்டுப் போவான்." அக்கா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துச் சரி செய்தார். "உன் மக என்னைக் கேட்டா, அத்தை கேட்டான்னு சொல்லு. கேக்கலேன்னாலும் சொல்லு. ஓடு."

அவர் ஓடினார். பெட்டி இல்லை, குடை இல்லை. வாசலில் காவலர் இந்தமுறை புகைப்படத்தையும் முகத்தையும் மூன்று தடவை ஒத்துப் பார்த்த பிறகே விட்டார்.

கரையில் மழை விட்டிருந்தது. டாக்சி ஸ்டாண்டைத் தாண்டினால் ஊர் மேடாக ஏறியது. தெருவுக்குத் தெரு வீடுகள், வீட்டுக்கு வீடு ஜன்னல்கள். மேலிருந்து அத்தனையையும் பார்த்தவருக்குக் கீழிருந்து எதுவுமே அடையாளம் தெரியவில்லை. ஒரு டிரைவர், "எங்க சார் போகணும்?" என்று கேட்டார். 

ஆறு மணி அடித்தது. பூட்டுக்கடைக்காரர் போனை எடுத்து மனைவியின் எண்ணை அழுத்தினார். மணி போனது. எடுத்தது மனைவி அல்ல.

"ஹலோ?"

அவருடையது பூட்டு, சாவி, விலை தவிர எதுவும் சொல்லிப் பழகாத தொண்டை.

"ஹலோ, யாருங்க?" அந்தக் குரல் நின்றது.  பிறகு, ரொம்பவும் சின்னதாக, "அப்பாவா?"

"ம்."

"அம்மா அழுதுட்டே இருக்காங்க. நீங்க வரவே மாட்டீங்கன்னு சொன்னாங்க. எங்கப்பா இருக்கீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. அது இரண்டு முழமானது. பிறகு தாண்ட முடியாத அகலமானது.

"கப்பல்ல இல்லம்மா" என்றார்.